பிரிந்தாலும் தீராத கடன்!

அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் என்ன கேட்பார்? பெயர், நட்சத்திரம், கோத்திரம். நம்மில் பலருக்கு இது ஒரு நொடி வேலை. கடகடவென்று சொல்லிவிட்டுக் கைகூப்பி நின்றுவிடுவோம்.

ஆனால், கணவரைப் பிரிந்து வாழும் ஒரு தாய், தன் குழந்தையின் பிறந்த நாளுக்காக அர்ச்சனை செய்ய வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லிவிடுவாள், நட்சத்திரத்தையும் சொல்லிவிடுவாள். கோத்திரம் என்றதும் அவளுடைய நாக்கு தடுமாறும். 'அது அவருடைய கோத்திரம் ஆயிற்றே! இன்னும் எதற்கு அதைச் சொல்ல வேண்டும்?' என்று மனம் கேட்கும்.

அதே நாளில் வேறொரு கோயிலில், அந்தக் குழந்தையின் தகப்பனாரும் அதே நட்சத்திரத்தைச் சொல்லி அர்ச்சனை செய்துகொண்டிருக்கலாம். பிரசாதத் திருநீற்றைப் பிள்ளையின் நெற்றியில் இட வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருக்கும். ஆனால், அதற்கு கோர்ட் உத்தரவு வேண்டும்!

'விவாகரத்து பாவமா?' என்பது பலரும் கேட்கும் கேள்விதான். ஆனால், அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. கணவன்-மனைவி என்ற உறவு முடிந்துபோன பிறகு, அப்பா-அம்மா என்ற உறவின் தர்மம் என்ன? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்ப்போம், வாருங்கள்.

சாஸ்திரம் கதவைச் சாத்தியதா?

அக்னியைச் சாட்சியாக வைத்து, ஏழு அடிகள் சேர்ந்து நடந்தால் திருமணம் நிறைவு பெறுகிறது. சப்தபதி நடக்கும் திருமணங்களில், ஏழாவது அடி வைத்ததும் அந்தத் திருமணம் முழுமை அடைவதாக 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் சொல்கிறது. அப்படிக் கட்டிய முடிச்சை அவிழ்க்கலாமா?

நம் முன்னோர் இதற்கு ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. தர்ம முறைப்படி நடந்த நான்கு வகைத் திருமணங்களுக்கு விடுதலை இல்லை என்றது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். மற்ற வகைகளில், இருவரும் ஒருவரையொருவர் வெறுத்தால் பிரியலாம் என்று அதே நூல் இடம் கொடுத்தது. கணவன் காணாமல் போனாலோ, துறவு பூண்டாலோ பெண் மறுமணம் செய்யலாம் என்ற வசனம் பராசர ஸ்மிருதியில் உண்டு. அந்த வசனத்தைக் காட்டித்தான் ஈஸ்வர சந்திர வித்யாசாகர் விதவை மறுமணத்துக்காக வாதாடினார். 1856-ஆம் ஆண்டில் அதற்குச் சட்டமும் வந்தது.

நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும், பஞ்சாயத்தார் முன்னிலையில் 'தீர்த்து விடுகிற' வழக்கம் பல சமூகங்களில் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டே இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் வந்துவிட்டது. 1955-ஆம் ஆண்டுச் சட்டமும், வழக்கப்படி நடக்கும் விவாகரத்துகளை அப்படியே விட்டுவைத்தது.

தெய்வங்களுக்கே ஊடல் உண்டு என்பதையும் நம் கோயில்கள் மறைக்கவில்லை. மாட்டுப் பொங்கலன்று திருவண்ணாமலையில் திருவூடல் உற்சவம். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பிவிட, அண்ணாமலையார் தனியாக நிற்பார். ஸ்ரீரங்கத்தில் பங்குனி மாதம் பிரணய கலகம். உறையூர் சென்று திரும்பும் நம்பெருமாளுக்கு முன்னால் ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திவிடுவார். நம்மாழ்வார்தான் இடையில் நின்று சமாதானம் செய்துவைப்பார். அதன் பிறகே பங்குனி உத்திரத்தன்று சேர்த்தி சேவை!

குடும்ப நல நீதிமன்றங்களும் ஏறக்குறைய அந்த நம்மாழ்வார் வேலையைத்தான் செய்ய வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டின் சட்டம் எதிர்பார்க்கிறது. வழக்கு வந்ததும் முதலில் சமரசத்துக்கு முயற்சி செய்வது அந்த நீதிமன்றத்தின் கடமை. வக்கீல் வைத்துக்கொள்வதுகூட அங்கே ஓர் உரிமையாகத் தரப்படவில்லை; நீதிமன்றம் தேவை என்று கருதினால் அனுமதிக்கலாம். இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதுதான் நோக்கம்.

ஊடல் கூடலில் முடிந்தால், அதைவிட நல்லது வேறென்ன? ஆனால், எல்லா வீடுகளிலும் சேர்த்தி சேவை நடப்பதில்லை. அடி, உதை, குடி, அவமானம் என்று வாழ்ந்தவளிடம் போய், 'பொறுத்துக்கொள் அம்மா' என்று சொல்வது தர்மம் அல்ல. ஒத்தே போகாத இருவரை ஒரே கூரையின் கீழ் அடைத்துவைப்பதால் எந்தத் தெய்வமும் மகிழாது. எனவே, பிரிவது பாவமா என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை. எப்படிப் பிரிகிறோம், பிரிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் பாவமும் புண்ணியமும் இருக்கிறது.

சபைக்கு வந்த சகுந்தலை

சகுந்தலை கதை உங்களுக்குத் தெரியும். மோதிரம் தொலைந்தது, துர்வாசரின் சாபத்தால் துஷ்யந்தன் மறந்தான் என்பதெல்லாம் காளிதாசரின் நாடகத்தில் வருவது. வியாசரின் மகாபாரதத்தில், ஆதி பர்வத்தில், மோதிரமும் இல்லை; சாபமும் இல்லை. அந்தக் கதை இன்னும் கடுமையானது.

கண்வரின் ஆசிரமத்தில் சகுந்தலையைக் காந்தர்வ மணம் புரிந்துகொண்ட துஷ்யந்தன், ஆள் அனுப்பி அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு நகரம் திரும்பினான். ஆள் வரவில்லை. பிள்ளை பிறந்தான். ஆறு வயதிலேயே காட்டு மிருகங்களை அடக்கி விளையாடினான். 'இனி இவன் தகப்பனிடம் போக வேண்டியவன்' என்று கண்வர் தாயையும் மகனையும் அஸ்தினாபுரத்துக்கு அனுப்பி வைத்தார்.

நிறைந்த சபை. 'இவன் உங்கள் மகன். ஏற்றுக்கொள்ளுங்கள்' என்கிறாள் சகுந்தலை. துஷ்யந்தனுக்கு எல்லாம் நினைவில் இருக்கிறது. ஆனாலும், 'நீ யார் என்றே எனக்குத் தெரியாது' என்கிறான். அவளுடைய பிறப்பைப் பழிக்கிறான். பெற்றவர்களை இழிவாகப் பேசுகிறான்.

சகுந்தலை தலைகுனியவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் பொய் சொல்கிறாயே, உன் உள்ளே ஒருவன் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறானே என்று கேட்கிறாள். கடைசியில், நீ ஏற்காவிட்டாலும் என் மகன் இந்த பூமியை ஆள்வான் என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறாள்.

அப்போது வானத்தில் ஓர் அசரீரி எழுகிறது. சகுந்தலை சொல்வது உண்மை. உன் மகனைப் பராமரி என்று துஷ்யந்தனுக்கு ஆணையிடுகிறது. 'பராமரி' என்பதற்கு அங்கே வருகிற வடசொல் 'பரஸ்வ'. அந்தச் சொல்லாலேயே பிள்ளைக்குப் பரதன் என்று பெயர் ஆகட்டும் என்கிறது.

துஷ்யந்தன் உடனே இறங்கி வருகிறான். எனக்கும் இவன் மகன் என்று தெரியும். அவள் சொல்லை மட்டும் நம்பி ஏற்றிருந்தால் ஊர் சந்தேகப்பட்டிருக்கும் என்று காரணம் சொல்கிறான். அதாவது, 'ஊர் என்ன சொல்லுமோ' என்ற பயத்தில், ஒரு ராஜா சொந்தப் பிள்ளையைச் சபையில் நிறுத்தி அவமானப்படுத்தினான்!

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பரதன் என்ற பெயருக்கு இங்கே வெற்றி என்றோ, வீரம் என்றோ பொருள் இல்லை. 'பராமரிக்கப்பட வேண்டியவன்' என்பதுதான் பொருள். அந்தப் பரதனின் பெயரால்தான் நம் தேசம் பாரதம் ஆயிற்று என்று ஒரு மரபு சொல்கிறது. கணவனைக் குறிக்கும் 'பர்த்தா' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான்; தாங்குகிறவன் என்று அர்த்தம்.

மனைவியோடு வழக்கு இருக்கலாம், வாக்குவாதம் இருக்கலாம். ஆனால், அசரீரி முதலில் தீர்த்து வைத்தது பிள்ளையின் வழக்கை!

தராசில் யார்?

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், நமக்கு வியப்பாகவே இருக்கும்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடக்கும் வழக்கில், குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க நீதிபதி எந்தத் தராசைப் பயன்படுத்துகிறார்? யார் பணக்காரர் என்பதையா? யார் மீது தவறு என்பதையா? இரண்டும் கணக்கில் வரலாம். ஆனால், முடிவு செய்வது வேறொன்று. குழந்தையின் நலமே முதன்மையானது என்று 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஐந்து வயது நிறையாத குழந்தை, பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. விவரம் தெரிந்த வயது என்றால் குழந்தையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்கலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே இடம் தருகிறது.

'தகப்பனார்தான் இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பிறகே தாய்' என்று சட்டத்தில் எழுதியிருந்தது. 'பிறகு' என்றால் தகப்பனார் இறந்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது. அவர் பொறுப்பை ஏற்காமல் ஒதுங்கியிருந்தாலும் தாயே காப்பாளர் என்று 1999-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்தது. அதற்கும் முன்பே, 1973-ஆம் ஆண்டில், நம் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்ல, விளையாட்டுப் பொம்மைகளும் அல்ல என்று அதே நீதிமன்றம் கண்டித்துச் சொல்லியிருக்கிறது.

மரியாதை ராமன் கதை ஒன்று நினைவுக்கு வருகிறதா? ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்மார்கள் உரிமை கொண்டாடுவார்கள். குழந்தைக்கு வலிக்குமே என்று விட்டுக்கொடுத்தவள்தான் உண்மையான தாய் என்று தீர்ப்பாகும். அந்தக் கதையில் தீர்ப்புச் சொல்வது சுலபம். ஒருத்தி பொய்த் தாய். குடும்ப நல நீதிமன்றத்தில் நிற்கும் இருவருமே உண்மையானவர்கள். இருவரும் அன்பினால்தான் இழுக்கிறார்கள். ஆனால், அன்பினால் இழுத்தாலும் கை வலிக்கத்தானே செய்யும்?

நீங்கள் அப்படி ஒரு வழக்கில் இருந்தால், உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். 'பிள்ளை எனக்கு வேண்டும் என்கிறேனே... பிள்ளைக்காகவா, இல்லை அவரை ஜெயிப்பதற்காகவா?' பதிலை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம். சுவாமி சந்நிதியில் நின்று சொல்லிக்கொண்டால் போதும்.

ஜீவனாம்சம் அபராதமா?

மாதா மாதம் பணம் கட்டச் சொன்னால், பலருக்கு அது அபராதமாகத் தோன்றுகிறது. 'என்னை விட்டுப் போனவளுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?' என்று கோபம் வருகிறது. வேலையை விட்டுவிட்டதாகச் சொல்பவர்கள் உண்டு. சொத்தைத் தம்பி பெயருக்கு மாற்றுபவர்கள் உண்டு. எதிர்ப்பக்கத்தில், தன் சம்பாத்தியத்தை மறைத்து, 'எனக்கு வருமானமே இல்லை' என்று சொல்பவர்களும் உண்டு.

இதற்காகத்தான், 2020-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வழியைக் காட்டியது. இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். பராமரிப்புத் தொகையை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றது. தொகையைக் கட்டத் தவறினால், ஒவ்வொரு மாதத் தவறுக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

பிரமாணப் பத்திரம் என்பது வெறும் முத்திரைத் தாள் அல்ல, அன்பர்களே! 'பிரமாணம்' செய்கிறோம் என்றால், சகுந்தலை சொன்ன அந்த உள்சாட்சியை அழைக்கிறோம் என்று அர்த்தம். அதில் பொய் எழுதிவிட்டு, மறுநாள் பிரதோஷத்துக்குப் போய்ப் பாலாபிஷேகம் செய்து என்ன பயன்?

மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்று வேதம் சொல்கிறது. ரிஷிகளுக்கு, தேவர்களுக்கு, பித்ருக்களுக்கு. பித்ருக்களின் கடனைப் பிள்ளைப் பேற்றால் தீர்க்க வேண்டும். பெற்றுப் போட்டதோடு அந்தக் கடன் தீர்ந்துவிடுமா? வளர்த்து ஆளாக்கினால்தானே வம்சம் நிலைக்கும்? அப்படிப் பார்த்தால், பிள்ளைக்காக நீங்கள் அனுப்பும் பணம் முன்னாள் மனைவிக்குப் போவதே இல்லை. உங்கள் தாத்தாவுக்கும் கொள்ளுத் தாத்தாவுக்கும் நீங்கள் பட்ட கடன், பள்ளிக்கூடக் கட்டணமாகவும் பால் கணக்காகவும் மாறிப் போகிறது. அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறவர், ஐந்தாம் தேதி அனுப்ப வேண்டியதை அனுப்பாமல் இருந்தால், அந்தத் தர்ப்பணத்தைப் பித்ருக்கள் எப்படி ஏற்பார்கள்?

தாய்க்கும் இந்தக் கடன் உண்டு. பிள்ளைகளைப் பராமரிக்கும் கடமையை 1956-ஆம் ஆண்டின் சட்டம் தந்தைக்கு மட்டும் வைக்கவில்லை. சம்பாதிக்கும் தாய்க்கும் சேர்த்தே வைத்தது.

இன்னொரு விஷயம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவாக இருந்தது, 2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி முதல் புதிய சட்டத்தில் 144-ஆவது பிரிவாக இருக்கிறது. அந்த ஒரே பிரிவில்தான் மனைவியும் வருகிறாள், குழந்தையும் வருகிறது, தங்களைக் காத்துக்கொள்ள முடியாத வயதான பெற்றோரும் வருகிறார்கள். இன்று பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர், நாளை அதே பிரிவின் கீழ் அதே பிள்ளையிடம் கேட்கிற இடத்தில் நிற்கலாம். கர்ம வினை என்று நாம் சொல்வதைச் சட்டப் புத்தகம் எவ்வளவு அழகாக ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது, பாருங்கள்!

காட்டுவது தயவா?

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் குடும்ப நல நீதிமன்றம் இருக்கிறது. பிரிந்த பெற்றோர் தங்கள் பிள்ளையைச் சந்திக்க அங்கே ஓர் இடம் உண்டு. சாக்லேட், பொம்மை, புதுச் சட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு வருவார்கள். சில மணி நேரம். அதற்குள் ஒரு வாரத்துப் பாசத்தைக் கொட்டியாக வேண்டும்.

'பணம் தரவில்லை, அதனால் பிள்ளையைக் காட்ட மாட்டேன்' என்பது ஒரு பக்கம். 'பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் பணம் தர மாட்டேன்' என்பது மறு பக்கம். இரண்டு பேரும் தங்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறார்கள். ஆனால், பணமும் பார்வையும் பண்டமாற்று அல்ல. இரண்டும் குழந்தையின் சொத்து. ஒருவர் ஒன்றைத் திருடினார் என்பதற்காக மற்றவர் இன்னொன்றைத் திருடலாமா? திருட்டுப் போவது இரண்டு தடவையும் குழந்தையின் வீட்டில்தானே!

2022-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. பிள்ளையைப் பார்க்க வரும் முன்னாள் துணையை விருந்தாளியைப் போல நடத்த வேண்டும், நம் மரபில் விருந்தினர் தெய்வத்துக்குச் சமம் அல்லவா என்று தனி நீதிபதி ஒருவர் உத்தரவில் சொன்னார். சிற்றுண்டி கொடுத்து உபசரிக்கும்படியும் அதில் இருந்தது. அந்த உத்தரவு மேல்முறையீட்டில் ரத்தாகிவிட்டது.

இதில் யார் சொன்னது சரி? யோசித்தால், இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. காபி கொடு, சிரித்துப் பேசு என்று கோர்ட் கட்டளை இட முடியாது. அடிபட்டு வெளியே வந்த ஒருத்தியிடம் அதைக் கட்டாயமாக்குவது கொடுமையும்கூட. அப்படிப்பட்ட இடங்களில் தாயின் பாதுகாப்பும் குழந்தையின் பாதுகாப்பும்தான் முதல் தர்மம். ஆனால், அந்த அளவுக்கு ஆபத்து இல்லாத ஆயிரம் வீடுகளில், சட்டம் எங்கே கைவிடுகிறதோ அங்கேதான் தர்மம் தொடங்குகிறது. எத்தனை மணிக்குக் குழந்தையை அனுப்ப வேண்டும் என்று நீதிபதி சொல்லலாம். எந்த முகத்தோடு அனுப்ப வேண்டும் என்று அவரால் சொல்ல முடியுமா? 'போய் வா கண்ணா, அப்பாகிட்ட உன் ரேங்க் கார்டைக் காட்டு' என்று அனுப்புவதும், 'போய்த் தொலை' என்று அனுப்புவதும் உத்தரவின்படி ஒன்றுதான். பிள்ளையின் மனசுக்கு இரண்டும் ஒன்றா?

உண்மையைச் சொல்லக் கூடாதா?

'அவர் செய்த கொடுமை எல்லாம் உண்மைதானே? உண்மையைப் பிள்ளையிடம் சொன்னால் என்ன தப்பு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொய் சொல்லி வளர்ப்பதும் தர்மம் ஆகாதே!

வாய்மை என்றால் என்ன என்பதற்கு வள்ளுவர் ஓர் இலக்கணம் வைத்திருக்கிறார். யாருக்கும் எந்தத் தீங்கும் தராத சொல்லே வாய்மை என்கிறார். ஏழு வயதுப் பிள்ளையிடம், 'உன் அப்பா ஒரு அயோக்கியன்' என்று சொன்னால், அது என்ன கேட்டுக்கொள்கிறது? 'என் பாதி அயோக்கியத்தனம்' என்று கேட்டுக்கொள்கிறது. 'உன் அம்மா மோசமானவள்' என்றாலும் அப்படியே. தன் மூக்கு அப்பா மாதிரி, சிரிப்பு அம்மா மாதிரி என்று ஊரே சொல்லக் கேட்டு வளர்கிற பிள்ளை அது. எனவே, வயதுக்குத் தக்க உண்மையைச் சொல்லுங்கள். 'எங்களால் சேர்ந்து வாழ முடியவில்லை. ஆனால், உன் மேல் இரண்டு பேருக்கும் கோபம் இல்லை' என்பது பொய் அல்லவே! மிச்சத்தைப் பிள்ளை வளர்ந்து தானே கேட்கும். அப்போது சொல்லலாம்.

சீதையை நினைத்துப் பாருங்கள். கர்ப்பிணியாகக் காட்டில் விடப்பட்டவள். வால்மீகியின் ஆசிரமத்தில் லவனும் குசனும் பிறந்து, ராமனின் கதையையே பாடி வளர்ந்தார்கள். தன்னைத் துறந்தவனின் புகழைத் தன் பிள்ளைகள் பாடுவதை அவள் தடுக்கவில்லை. அதற்காக, சீதை எல்லாவற்றையும் மறந்து ராமனிடம் திரும்பிவிட்டாளா என்றால், அதுவும் இல்லை. மறுபடியும் சபையில் தன்னை நிரூபிக்கச் சொன்னபோது, பூமித் தாயின் மடிக்குப் போய்விட்டாள். கணவனிடம் திரும்பவில்லை, ஆனால், பிள்ளைகளைத் தகப்பனிடமிருந்து பறிக்கவும் இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிள்ளையார் சுற்றிய உலகம்

ஞானப்பழத்துக்காக உலகைச் சுற்றி வரச் சொன்னபோது, முருகன் மயிலேறிப் பறந்தார். பிள்ளையார் அம்மையையும் அப்பனையும் சேர்த்துச் சுற்றி வந்து, 'இதுதான் என் உலகம்' என்றார். கதையின் புத்திசாலித்தனத்தைப் பாராட்டிவிட்டு நாம் போய்விடுகிறோம். ஆனால், ஒரு குழந்தைக்கு அது சாமர்த்தியம் அல்ல, சத்தியம். அதன் உலகமே அந்த இரண்டு பேர்தான். இருவரும் இரண்டு ஊரில் இருந்தால், பாவம், அந்தப் பிள்ளை சுற்ற வேண்டிய தூரம்தான் அதிகமாகிறது. நடுவில் சுவர் எழுப்பிவிட்டால் சுற்றவே முடியாது.

பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளுக்குச் சடங்குகளை எப்படிச் செய்வது என்று பலர் தடுமாறுகிறார்கள். சில யோசனைகள் சொல்லலாமா?

கோத்திரம்: பெற்றோர் விவாகரத்துப் பெற்றதால் குழந்தையின் கோத்திரம் மாறுவதில்லை. தயங்காமல் சொல்லுங்கள். தெரியவில்லை என்றாலும், சொல்ல மனம் வரவில்லை என்றாலும், 'சிவ கோத்திரம்' என்று சொல்லி அர்ச்சனை செய்கிற வழக்கம் இருக்கிறது. தனியாகத் தட்டை நீட்டுகிறாளே என்று எந்தச் சுவாமியும் முகம் திருப்பியதில்லை.

காதுகுத்து: தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துகிறோம். அங்கே தகப்பனார் வந்து நின்றால் கௌரவம் குறைந்துவிடாது. முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். வருவதும் வராததும் அவர் பாடு. சொன்ன புண்ணியம் உங்களுக்கு!

குலதெய்வம்: அப்பா வழிக் குலதெய்வத்தைப் பிள்ளை வருடம் ஒரு முறையாவது பார்க்கட்டும். அழைத்துப்போவது தாத்தாவாகவோ, அத்தையாகவோ இருக்கலாம். இரண்டு வழித் தாத்தா-பாட்டிகளும் இந்த விஷயத்தில் பெரிய மனசு பண்ண வேண்டும். வழக்கு உங்கள் மகனுக்கும் மருமகளுக்கும்தான். பேரனோடு உங்களுக்கு என்ன வழக்கு?

பரிகாரம்: பிரிந்தவர் சேர வேண்டும் என்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரரை வேண்டுவது நல்லதுதான். ஆணும் பெண்ணும் ஒரே உடலாக நிற்கும் தெய்வம் அது. ஆனால், சேர்வது கைகூடவில்லை என்றால் வேண்டுதல் தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம். வேண்டுதலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். 'எங்களைச் சேர்த்து வை' என்பதற்குப் பதிலாக, 'எங்கள் பிள்ளையின் மனசில் நாங்கள் இரண்டு பேரும் சண்டை இல்லாமல் இருக்க வேண்டும்' என்று கேளுங்கள். அந்த வரத்தைத் தருவதற்கு, சுவாமிக்கு உங்களுடைய ஒத்துழைப்பு மட்டும் போதும்.

பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனதும், யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கு தானே முடிந்துவிடும். கட்டுகள் பரண் ஏறிவிடும். அதற்குப் பிறகு ஒரு நாள் அதற்குக் கல்யாணம் வரும். பத்திரிகையில் இரண்டு பெயர்களும் வர வேண்டும். மணவறையில் இரண்டு பேரும் நிற்க வேண்டும். அன்றைக்கு உங்கள் பிள்ளை, 'யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது?' என்று தவிக்காமல், இரண்டு பேர் காலிலும் விழுந்து ஆசீர்வாதம் வாங்க வேண்டுமா, வேண்டாமா? அதற்கான வேலையை இந்த வாரம் வரும் சந்திப்பு நாளிலேயே தொடங்கிவிடுங்கள். பிள்ளையை நேரத்துக்கு அனுப்புங்கள். நேரத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடுங்கள். தேதி தவறாமல் பணத்தைக் கட்டுங்கள். எதிராளியைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை நாக்கு நுனி வரை வந்தால், அதை விழுங்கிவிட்டு, 'விநாயகா' என்று சொல்லுங்கள்.

அந்த ஒரு வார்த்தையை விழுங்குவது, நூற்றெட்டுத் தோப்புக்கரணத்தைவிடக் கடினம்தான். பலனும் அதைவிடப் பெரிது!